கொடுக்கலாம், கொடுக்க வேண்டாம்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மகளிடமிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் நமக்கு இரண்டு வயது கூடிவிடுகிறது.

'அப்பா, பாப்பாவுக்கு நூத்திரெண்டு' என்றாள். பின்னணியில் ஒரு வாக்குவாதம் கேட்டது. சம்பந்தி அம்மா ஈரத்துணி போட்டே ஆகவேண்டும் என்கிறார். மாப்பிள்ளை, 'குளிரும்மா, நல்லா போர்த்தி விடு' என்கிறார். என் மனைவி இந்தப் பக்கம் ரிசீவருக்குக் கேட்கும்படி, 'வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்குல தடவச் சொல்லுங்க' என்றாள். பேத்திக்குப் பதினாலு மாசம். அவளுக்குக் கருத்து எதுவும் இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வயதான பெண் டாக்டரிடம் போனார்கள். அவர் குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு காது, தொண்டை பார்த்தார். சிரமப்பட்டால் மட்டும் கொடுக்க பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர் சொட்டு. அவ்வளவுதான். 'பால் குடிக்கலைன்னாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, எழுப்பினா முழிக்கலைன்னாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ உடனே வாங்க. இல்லேன்னா மூணு நாள் கழிச்சு வாங்க' என்றார்.

மகளுக்குத் திருப்தியில்லை. 'ஒண்ணுமே எழுதலைப்பா!'

சாயங்காலம் நெஞ்சில் 'கொய்ங்' என்று சத்தம் கேட்டதும் வேறு டாக்டரிடம் ஓடினார்கள். அங்கே நல்ல கூட்டம். அங்கேயே ஒரு முறை நெபுலைசர் வைத்து, சீட்டில் ஆறு அயிட்டம். ஆன்டிபயாடிக், இருமல் சிரப், பாராசிட்டமாலோடு இன்னொன்றும் கலந்த காய்ச்சல் சிரப், வீட்டில் தினம் மூன்று வேளை நெபுலைசர், வைட்டமின் சொட்டு, ஒரு பொடி. மருந்துக்கடையில் எல்லாவற்றையும் போட ஒரு பையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள். 'நீங்கதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, எது சரின்னு சொல்லுங்க.'

நான் டாக்டர் இல்லை. இரண்டையும் முதல் டாக்டரிடமே எடுத்துப்போய்க் காட்டச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். படித்தேன். இந்தப் பக்கத்தில் நாவல், சிறுகதை, சினிமா எல்லாவற்றையும் விமர்சித்தாகிவிட்டது. இந்த வாரம், யாருமே விமர்சனம் எழுதாத, ஆனால் நம் வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குள் என்ன போகவேண்டும் என்று தீர்மானிக்கிற ஒருவகைப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் சிகிச்சை வழிகாட்டி. டாக்டர்கள் 'கைட்லைன்' என்பார்கள்.

*

வழிகாட்டி என்பது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் குழந்தை வைத்தியத்துக்கென்றே பாலவாகடம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுப் பாட்டியும் நடமாடும் வழிகாட்டிதான். இன்றைய கைட்லைன் எங்கே வேறுபடுகிறது என்றால், 'ஏன்?' என்று கேட்டால் அது பதில் சொல்லியாகவேண்டும். பாட்டியிடம் 'ஏன்?' என்று கேட்டால் குட்டு விழும்.

ஒரு குழு உட்கார்ந்து, ஒரு நோயைப் பற்றி உலகத்தில் நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தேடி எடுத்து, எது உருப்படியானது, எது உமி என்று புடைத்து, கடைசியில் 'இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்' என்று எழுதுகிறது. இங்கிலாந்தில் 'நைஸ்' என்ற அரசு அமைப்பு, அமெரிக்காவில் குழந்தை மருத்துவ அகாடமி, உலகத்துக்கெல்லாம் உலக சுகாதார நிறுவனம் என்று பல பேர் எழுதுகிறார்கள். நம் ஊரிலும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் தரச் சிகிச்சை வழிகாட்டிகள் என்று ஒரு வரிசையே வெளியிட்டது.

இவ்வளவு புடைத்தல் எதற்கு, ஒரு பெரிய டாக்டர் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு பெரிய டாக்டர் சொன்ன கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பெஞ்சமின் ஸ்பாக் என்ற குழந்தை மருத்துவர் 1946-ல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கோடிக்கணக்கில் விற்றது. அன்பானவர், நல்லவர், தாய்மார்களுக்குத் தைரியம் சொன்னவர். ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது நல்லது என்றார். காரணம் நியாயமாகத்தான் இருந்தது. மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று பயந்தார். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிகளும் அதையே சொல்லின. மேலை நாடுகளில் தொட்டில் தொட்டிலாகக் குழந்தைகள் குப்புறப் படுத்தன. தூக்கத்திலேயே, காரணம் தெரியாமல் செத்தும் போயின.

1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் ஆரம்பித்தார்கள். சாவு மளமளவென்று குறைந்தது. அதற்கப்புறம் 2005-ல் சில ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970-லேயே கைவசம் இருந்திருக்கிறது. யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளைச் சேர்த்தால் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வில்லன் இல்லாத கதை அது. ஒரு நல்ல மனிதர், ஒரு நியாயமான காரணம், ஒரு நல்ல புத்தகம், இருபது வருஷ அலட்சியம். கைட்லைன் என்ற வறட்டு இலக்கியம் எதற்காக என்பதற்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

*

சரி, இலக்கியமாக அது எப்படி? சொல்கிறேன். நடை படுமோசம். கதாபாத்திரம் கிடையாது. ஒரு பாராவைத் தாண்டுவதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் வினைச்சொற்களைக் கவனித்துப் படித்தால் சுவாரஸ்யம் இருக்கிறது.

'நைஸ்' எழுதும்போது, ஆதாரம் பலமாக இருந்தால் 'அளியுங்கள்' என்று எழுதும். ஆதாரம் சுமாராக இருந்தால் 'அளிப்பது பற்றி யோசியுங்கள்' என்று எழுதும். இந்த இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில் ஆயிரம் ஆராய்ச்சி இருக்கிறது. நம் தமிழிலும்தான், 'சாப்பிடுங்கள்' என்று உபசரிப்பதற்கும் 'சாப்பிடலாமே' என்று இழுப்பதற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது!

என் பேத்தியின் 'கொய்ங்'குக்கு வருவோம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி பிடித்து, மூச்சுக்குழாயின் நுனிக்கிளைகள் வீங்கி, இழுப்பு வருவதை 'பிராங்கியோலைட்டிஸ்' என்கிறார்கள். வைரஸால் வருவது. இதற்கு அமெரிக்க அகாடமி 2006-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை நெபுலைசரில் வைத்துப் பார்ப்பது ஒரு வாய்ப்பு, பலன் தெரிந்தால் மட்டும் தொடருங்கள் என்றது. அதாவது 'வைத்துப் பார்க்கலாம்'. 2014-ல் திருத்திய பதிப்பு வந்தது. அதில் அதே மருந்துக்கு 'வைக்கக் கூடாது' என்று போட்டார்கள்.

எட்டு வருஷத்தில் ஒரு 'லாம்' ஒரு 'கூடாது' ஆகிவிட்டது. காரணமும் எழுதியிருக்கிறார்கள். மருந்து வைத்தவுடன் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியலாம். ஆனால் நோய் சீக்கிரம் போவதில்லை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது குறைவதில்லை, சேர்ந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்புவதும் இல்லை. நெஞ்சு துடிப்பு ஏறுவதுதான் மிச்சம். அதே வழிகாட்டி, வழக்கமாக எக்ஸ்ரே எடுக்காதீர்கள், ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள், கூடவே பாக்டீரியா தொற்று இருந்தாலொழிய ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது.

எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்றால் டாக்டர் என்னதான் செய்வது? குழந்தை குடிக்கிறதா, ஆக்சிஜன் போதுமா என்று கவனிக்க வேண்டும். மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். காத்திருக்க வேண்டும். நம் ஊரில் காத்திருப்பதற்கு யார் ஃபீஸ் கொடுப்பார்கள்?

இங்கே ஓர் எச்சரிக்கை. இது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இந்த ஒரு நோய்க்கு மட்டும் எழுதியது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'பத்திரிகையில் படித்தேன்' என்று என் பெயரைச் சொல்லாதீர்கள். ஆஸ்துமாவுக்கு அதே மருந்துதான் உயிர்காப்பான். ஒரு வழிகாட்டியின் முதல் பக்கத்தில் 'யாருக்காக' என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

*

அடுத்து காய்ச்சல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காய்ச்சலுக்கு 'நைஸ்' 2007-ல் எழுதிய வழிகாட்டி, 2013-லும் 2019-லும் புதிதாக வந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு அதில் அப்படியே இருக்கிறது. ஈரத்துணி ஒற்றுவதைப் பரிந்துரைக்கவில்லை. சம்பந்தி அம்மா அவுட். அதிகமாகப் போர்த்தவும் வேண்டாம், அதிகமாக அவிழ்க்கவும் வேண்டாம். மாப்பிள்ளையும் அவுட். வசம்பு பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில்லை. என் மனைவி நாட் அவுட்.

விளையாட்டை விடுங்கள். அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட வரிகள் வேறு. தெர்மாமீட்டரின் நம்பரைக் குறைப்பதற்காக மட்டும் மருந்து கொடுக்காதீர்கள் என்கிறது. குழந்தை சிரமப்படுவதாகத் தெரிந்தால் கொடுப்பது பற்றி யோசியுங்கள். வினைச்சொல்லைக் கவனித்தீர்களா? காய்ச்சல் மருந்து கொடுத்தால் ஃபிட்ஸ் வராது என்பதும் சரியில்லை என்கிறது. நாம் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து, நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பி சிரப் புகட்டுவது எல்லாம் ஃபிட்ஸ் பயத்தால்தானே? அலாரம் வைப்பதில் தப்பில்லை. ராத்திரியில் எழுந்து குழந்தையைப் பாருங்கள் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. சிரப்போடு எழ வேண்டியதில்லை.

நம்பர் முக்கியமான இடம் ஒன்று உண்டு. மூன்று மாசத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், அது சிவப்பு விளக்கு. பாட்டி வைத்தியம், பாராசிட்டமால், 'காலையில பார்த்துக்கலாம்' எதுவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அந்த வயதில் காய்ச்சலுக்குப் பின்னால் ரத்தத்திலோ மூளை உறையிலோ கிருமி ஒளிந்திருக்கலாம், குழந்தையின் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையையும் சொல்லவேண்டும் அல்லவா? இந்த வழிகாட்டி பெய்கிற மழை லண்டன் மழை. நம் ஐப்பசி மழையில் கொசு இருக்கிறது. அங்கே குழந்தை சிரமப்பட்டால் பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபென், இரண்டில் ஒன்று கொடுக்கலாம். இங்கே டெங்கு சீஸனில் ஐபுப்ரோஃபெனோ, மெஃபெனமிக் ஆசிட் கலந்த சிரப்போ கொடுத்தால், ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டலாம் என்பதால், டெங்குவுக்கான வழிகாட்டிகள் பாராசிட்டமால் மட்டும் என்கின்றன. அங்கே காய்ச்சல் இறங்கினால் அப்பா அம்மா நிம்மதியாகத் தூங்கலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டுபோவது எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று டிஸ்சார்ஜ் கேட்கும் நேரம் அது.

ஆகவே, வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. ஆப்பிள் மாதிரி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

*

இறக்குமதி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பாடம் நடந்தது. கடுமையான தொற்றுக் காய்ச்சலில் ரத்த ஓட்டம் மந்தமாகிப்போன குழந்தைக்கு, நரம்பு வழியாக மளமளவென்று சலைன் ஏற்ற வேண்டும் என்பது வளர்ந்த நாடுகளின் வேதவாக்கு. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு, செயற்கை சுவாசக் கருவி உண்டு. அதையெல்லாம் யோசிக்காமல் அதே வேதம் உலகம் பூராவும் பரவியது.

கேத்ரின் மெயிட்லண்ட் என்ற டாக்டரின் தலைமையில் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. வேகமாகச் சலைன் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதம். ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். நன்மை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தது நூற்றுக்கு மூன்று குழந்தைகளைக் கூடுதலாகக் கொன்றிருக்கிறது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு நீர்தான் மருந்து, அதில் குழப்பம் வேண்டாம்.

இதில் என் புகார் என்னவென்றால், முடிவு வந்தது 2011-ல். உலக சுகாதார நிறுவனத்தின் அவசர சிகிச்சை வழிகாட்டி இதைக் கணக்கில் எடுத்துத் திருத்தி வெளிவந்தது 2016-ல். கமிட்டிகளுக்கு ஐந்து வருஷம் ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடைப்பட்ட நேரம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

இந்தத் தாமதத்தில் நகைச்சுவையும் உண்டு. வேர்க்கடலைக் கதை. இங்கிலாந்தில் 1998-லும் அமெரிக்காவில் 2000-லும், அலர்ஜி வர வாய்ப்புள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை காட்டாதீர்கள் என்று அறிவுரை சொன்னார்கள். கேட்க நியாயமாக இருந்தது. மறுபடியும் அந்த 'நியாயமாக'! ஆனால் இஸ்ரேலில் குழந்தைகள் தவழும் வயதிலேயே 'பம்பா' என்ற வேர்க்கடலை நொறுக்குத்தீனியைச் சப்புகிறார்கள். அவர்களைவிட இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி பத்து மடங்கு இருந்தது. கிடியன் லேக் என்ற டாக்டர் இதைத் துருவினார். 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சின்ன வயதிலிருந்தே வேர்க்கடலை கொடுத்து, மறுபாதிக்கு மறைத்து, ஐந்து வயதில் பார்த்தார். 2015-ல் வந்த முடிவு: மறைத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு அலர்ஜி. கொடுத்தவர்களில் 3 சதவீதம். இதற்குள் பழைய அறிவுரைகளை 2008, 2009-ல் வாபஸ் வாங்கியிருந்தார்கள். 2017-ல் அமெரிக்காவில், 'சீக்கிரமே கொடுங்கள்' என்று தலைகீழாகப் புது வழிகாட்டி வந்தது. (முழுக்கடலையாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். கூழாக அரைத்துத்தான். ஏற்கெனவே கடுமையான எக்ஸிமா, முட்டை அலர்ஜி உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு.)

'நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க, இவங்களை எப்படி சார் நம்பறது?' என்று வாசகர் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நான் அதற்காகத்தான் நம்புகிறேன். 'போன பதிப்பில் நாங்கள் சொன்னது தப்பு' என்று அச்சடித்து ஒப்புக்கொள்ளும் புத்தகம் உங்கள் அலமாரியில் வேறு எது இருக்கிறது?

*

விமர்சகன் என்றால் கடைசியில் ஒரு புத்தகத்தையாவது தலையில் வைத்துக்கொண்டு ஆடவேண்டும். நான் ஆடுவது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தொண்ணூறுகளில் எழுதிய குழந்தை நோய் வழிகாட்டிக்கு. இந்தியாவில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து ஐ.எம்.என்.சி.ஐ. என்று அழைக்கிறார்கள். கிராமத்து நர்ஸ் கையில் இருக்கும் சுவர் அட்டைதான் அது. ரோஸ், மஞ்சள், பச்சை என்று மூன்று கலர் கட்டம். ரோஸ் என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. மஞ்சள் என்றால் இங்கேயே மருந்து. பச்சை என்றால் வீட்டில் கவனிப்பு.

அதன் ஆதார வரி ஒன்று, நான் படித்த வாக்கியங்களிலேயே சிக்கனமானது. எக்ஸ்ரே இல்லாமல், ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபிராங்க் ஷான் என்ற டாக்டர் பப்புவா நியூ கினியாவில் வேலை பார்த்து 1984-ல் எழுதியதிலிருந்து வளர்ந்த யோசனை: ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணு. இரண்டு மாசத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாசத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. அதோடு நான்கு அபாய அறிகுறிகள். குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, ஃபிட்ஸ், நினைவில்லாமல் துவண்டு கிடத்தல்.

படித்துக்கொண்டே வந்தவன் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வயதான பெண் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாரே! சும்மா இல்லை. எண்ணிக்கொண்டிருந்தார். 'ஒண்ணுமே எழுதலைப்பா' என்று மகள் சொன்ன அந்தச் சீட்டின் பின்னால் அவ்வளவு பெரிய புத்தகம் இருந்திருக்கிறது.

*

இப்போது வலிக்கிற விஷயம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் அதில் கலந்திருந்தது. அந்தக் குற்றத்துக்கும் வழிகாட்டிக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. விஷம் கலந்தது விஷம் கலந்ததுதான்.

ஆனால் சம்பந்தப்பட்ட இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த பாட்டில்களைத் திறந்திருக்கவே வேண்டுமா? அந்த சிரப்பில் இருந்த சளி, மூக்கடைப்பு மருந்துக் கூட்டணியை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச்சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. சாவுகளுக்குப் பிறகு 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக வேண்டாம் என்று மறுபடி சொன்னது. குழந்தைகளின் சளி இருமல் பெரும்பாலும் தானாகப் போகும் என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்கிற ஜோக்கை முதலில் சொன்னவரே டாக்டராகத்தான் இருக்கவேண்டும்.

புத்தகம் இருக்கிறது. வாசகர்களிடம் வந்து சேரவில்லை. இதுதான் இந்த இலக்கியத்தின்மேல் என் கடைசி, முக்கியமான புகார். எல்லாம் டாக்டர்களுக்காக, டாக்டர்களின் இங்கிலீஷில். ராத்திரி பதினோரு மணிக்குத் தெர்மாமீட்டரோடு நிற்கும் தாய் கையில் தமிழில் என்ன இருக்கிறது? சம்பந்தி அம்மா, வாட்ஸ்அப், மருந்துக்கடைக்காரர். ஒவ்வொரு பிரசவ வார்டிலும், தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று. அந்த நான்கு அபாய அறிகுறிகளும், மூன்று மாசத்துக்குட்பட்ட காய்ச்சலும், மழைக்கால டெங்குவும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

அதுவரை, அடுத்த முறை குழந்தையைக் கூட்டிப்போகும்போது டாக்டரிடம் மரியாதையாக நான்கு கேள்வி கேளுங்கள். இது என்ன நோய்? இந்த மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? எதைப் பார்த்தால் உடனே திரும்பி வரவேண்டும்? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாலாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

*

முதல் டாக்டர் இரண்டு சீட்டையும் பார்த்தாராம். இன்னொரு டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி சட்டையைக் கழற்றி, மறுபடி ஒரு நிமிஷம் எண்ணினார். 'முப்பத்தாறுதான். பால் குடிக்கிறாளா? அப்போ காத்திருக்கலாம்' என்றார். நாலாம் நாள் பேத்தி, சோபாவுக்கு அடியில் போன பூனையின் வாலைப் பிடித்து இழுக்கிற வீடியோ வந்தது.

'அப்போ அந்த ரெண்டாவது டாக்டர் தப்பாப்பா?' என்றாள் மகள்.

யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். 'அவருக்கு வெளியில நாப்பது பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. நீ உள்ளே போகும்போதே, ஏதாவது எழுதுங்க டாக்டர்ங்கற முகத்தோட போயிருப்பே. அந்தச் சீட்டுல பாதி நீ எழுதினதும்மா.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அந்த ஆறு அயிட்டத்தில் பிரிக்காத நாலை மருந்துக்கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டதாகவும், பையை மட்டும் வாங்கவில்லை என்றும் சொன்னாள்.

சம்பந்தி அம்மாவிடம் ஈரத்துணி பற்றிய லண்டன் தீர்ப்பைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 'சரிதான் சம்பந்தி. ஆனாலும் ஒரு துணி நனைச்சு பக்கத்துல வச்சிருக்கேன். இருக்கட்டுமே' என்றார்.